பரலோகத்தில் எங்கள் வீடு

பரலோகத்தில் எங்களுக்கு ஒரு பெரிய வீடு எழும்பிக்கொண்டிருந்தது. அப்பா சொல்லித்தான் தெரியும். பூமியில் உண்மையாய் நடக்கிறவர்களுக்குக் கர்த்தர் அங்கே வீடு கட்டுகிறார், நாம் செய்கிற ஒவ்வொரு நன்மையும் அதற்கு ஒரு கல் என்பது அவருடைய பிரசங்கம். ஹட்டனிலிருந்து உபதேசியார் எப்போதாவதுதான் எங்கள் தோட்டத்துக்கு வருவார். மற்ற ஞாயிறுகளில் தகரக் கூரை போட்ட சின்னக் கோயிலில் அப்பாதான் ஜெபம் நடத்துவார். கொழுந்து அரைக்கிற தேயிலை ஸ்டோரில் இயந்திர இரைச்சலுக்கு மேல் கத்திப் பேசிப் பழகியவர் என்பதால், அவருடைய ஜெபம் கோயிலுக்கு வராதவர்களுக்கும் கேட்கும்.

மேலே இருக்கிற அந்த வீட்டில் யாருக்கு எந்த அறை என்று நானும் தம்பியும் சண்டை போடுவோம். தோட்டத்தை நிர்வகிக்கிற துரையின் பங்களாவைத் தவிர வேறு பெரிய வீட்டை நாங்கள் பார்த்ததில்லை. அதனால் எங்கள் பரலோகத்து வீட்டுக்கும் முன்னால் புல்வெளி இருந்தது, பின்னால் நாய்க்கூண்டு இருந்தது.

பூமியில் எங்களுக்கு இருந்தது, தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாய்க் கட்டிக்கொடுத்த லயத்தின் நடுவில் ஓர் அறை. முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய லயம் அது. பின்சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு குடும்பம், இடமும் வலமும் ஒவ்வொரு குடும்பம். வெளிச்சம் வருவதற்கும் புகை போவதற்கும் வாசல் ஒன்றுதான். மழைக்காலத்தில் அதையும் சாத்திவிட்டால் புகை எங்களோடு குடியிருக்கும். அம்மாவுக்கு ஓயாத இருமல்.

லயத்தின் கோடியில் இருக்கும் தொங்கல் வீட்டுக்கு மட்டும் பக்கச்சுவரில் ஒரு ஜன்னல் உண்டு. ஜன்னலுக்கு வெளியே காய்கறி போட ஒரு துண்டு நிலமும் உண்டு. அங்கே இருந்தவர்கள் இந்தியாவுக்கே போய்விடுவதென்று மூட்டை கட்டியபோது, ஸ்டோரில் ஒழுங்காய் வேலை செய்கிறவர் என்று துரை அந்த வீட்டை அப்பாவுக்குக் கொடுத்தார். அம்மா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த வாரம்தான். மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்த கையோடு அங்கே போய்த் தரை மெழுகினாள், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். போஞ்சி விதையை ஒரு தகர டப்பாவில் பத்திரப்படுத்தினாள். காரணமே இல்லாமல் அந்த ஜன்னலைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் குடிபோவதென்று பேச்சு.

அதற்குள் அடைமழை பிடித்துக்கொண்டது. கீழ் லயத்தின் மேல் மண் சரிந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் ஒரு குடும்பம் கைக்குழந்தையோடு போக்கிடம் இல்லாமல் நின்றது. அவர்கள் கோயிலுக்கு வருகிறவர்கள் இல்லை, மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். அதனாலேயே அப்பாவுக்கு இது சாதாரணக் கல்லாகத் தெரிந்திருக்காது.

அந்த ஞாயிறு, பிரசங்கத்தின் நடுவில் அப்பா குரலை உயர்த்தினார்.

"நமக்கு வீடு அங்க மேல இருக்கு. தொங்க வீட்ட அந்தப் புள்ளக்காரிக்கே குடுத்துருங்கன்னு தொரைக்கிட்ட சொல்லிட்டேன்."

எல்லோரும் ஆமென் என்றார்கள். பிறகு எல்லோரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளும் அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறாள் என்று அவர்களுக்குத் தெரியாது. அம்மா முக்காட்டை முகம்வரை இழுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் ஜெபிக்கிறாள் என்று நினைத்து நானும் கண்ணை மூடிக்கொண்டேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நம் வீட்டுக்கு இன்னொரு மாடி ஏறிவிட்டது என்று தம்பியின் காதில் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தும் அம்மா சண்டை போடவில்லை. போட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. விதை டப்பாவை எடுத்துக்கொண்டு போய் அந்தக் குழந்தையின் தாயிடம் கொடுத்து, கொடி ஏறுவதற்கு எங்கே கொம்பு ஊன்ற வேண்டும் என்று காட்டிவிட்டு வந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

அப்பா செய்தது தவறென்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. மழையில் நின்ற குழந்தைக்குக் கூரை கிடைத்தது. ஆனால் அவர் தூக்கிக் கொடுத்தது அம்மாவின் ஜன்னலை. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அவளே கொடுத்திருப்பாள், அந்தப் பலனாவது அவள் பேரில் இருந்திருக்கும். இந்த வருத்தம் எனக்கு ஆறவே இல்லை. சில வருஷங்களுக்குப் பிறகு அம்மா அந்த நடு வீட்டிலேயே, அந்தப் புகையிலேயே இருமி இருமிக் கண்ணை மூடினாள். அவளைத் தூக்கிக்கொண்டு போனது தொங்கல் வீட்டு ஜன்னலைத் தாண்டித்தான்.

ஆனால் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது அந்த நாள் இல்லை. அதற்கு வெகு முன்னால், போஞ்சி முதல் தடவை காய்த்த சமயம். தொங்கல் வீட்டு அக்கா மடி நிறையக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனாள். சாயங்காலம் அம்மா அதை நறுக்கிக்கொண்டிருந்தாள். புகையில் அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. சும்மா பேச்சுக் கொடுப்போமே என்று, மேலே நம் வீட்டுக்கு எத்தனை ஜன்னல் இருக்கும் என்று கேட்டேன். அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எத்தன இருந்தா என்னா பாப்பா. அங்கயும் ஒங்கப்பா யாருக்காச்சும் குடுத்துட்டு வந்துருவாரு."

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இதை அப்பாவிடம் சொல்லியாக வேண்டும் என்று பீலிக்கு ஓடினேன். மலைத் தண்ணீர் குழாய் வழியாக எந்நேரமும் கொட்டுகிற அந்த இடத்தில், வேலைவிட்டு வந்த அப்பா கால் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். அவரும் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் வாசலிலிருந்து வருகிற புகையைப் பார்த்தபடி அப்படியே நின்றார். தண்ணீர் அவர் காலில் கொட்டிக்கொண்டே இருந்தது. கால்தான் எப்போதோ சுத்தமாகிவிட்டதே, பின்னால் குடத்தோடு ஆட்கள் காத்திருக்கிறார்களே, இவர் ஏன் இன்னும் நகராமல் நிற்கிறார் என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.