கண்ணாடியைத் துடைத்த டாக்டர்

விருதுநகரில் ஒரு கல்லூரி விடுதியில் நான் சமையல் பார்த்த காலம் அது. புதிதாகச் சேர்ந்தவர்கள் உடம்பைப் பற்றிய சந்தேகம் எதுவானாலும் அடுப்படியில் என்னிடம்தான் கேட்பார்கள். தூக்கத்தில் விந்து போகிறது என்று ஒருவன் பயந்தால், "ஒரு சொட்டுன்னா நாப்பது சொட்டு ரத்தம்லே. சுவர் இருந்தாத்தான் சித்திரம், எண்ணெய் தேச்சுக் குளி" என்பேன்.

அதைக் கேட்ட விஸ்வநத்தத்து மாணவன் ஒருவனுக்குப் பயம் கூடிப்போய்ச் சோறு இறங்கவில்லை. படிப்பே வேண்டாமென்று டிரங்குப் பெட்டியைக் கட்டிவிட்டான்.

அந்த வாரம்தான் ஒரு டாக்டர் விடுதிக் கூடத்தில் மாணவர்களிடம் உடம்பைப் பற்றிப் பேச வந்தார். ஒல்லியான ஆள், கசங்கிய சட்டை, தடித்த கண்ணாடி. யாராவது கேள்வி கேட்க எழுந்தால் உடனே கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். எழுந்தவன் முகம் அவருக்குத் தெரியாது என்று புரிந்ததும் எல்லோருக்கும் கூச்சம் விட்டுப்போனது.

விஸ்வநத்தத்துக்காரனும் எழுந்தான். "சொப்பனத்துல போனா ஆயுசு குறையுமா சார்? எங்க மெஸ் அண்ணாச்சி, நாப்பது சொட்டு ரத்தம்னு சொல்லுதாக."

எல்லாத் தலையும் வாசலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் பக்கம் திரும்பியது.

டாக்டர் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எண்ணெய் தேச்சுக் குளிங்க, நல்லதுதான். ஆனா இது நோயில்லப்பா. உங்க வயசுல எனக்கும் போச்சு. இந்தா, உங்க முன்னால நல்லாத்தான நிக்கேன்."

கூடமே சிரித்தது. மத்தியானம் அவன் மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். சாப்பிட்டு முடிக்கும்வரை டாக்டர் பேச்சுதான். பரிமாறிய எனக்கு வயிறு எரிந்தது.

அவர் படிப்பின் மேல் எனக்குப் பொறாமை இல்லை. அந்த வயதில் எனக்கும்தான் போனது. நானும்தான் அடுப்பு முன்னால் குத்துக்கல்லாட்டம் நின்றேன். இத்தனை பழமொழி தெரிந்த வாய்க்கு, அந்த ஒரு வார்த்தை மட்டும் வரவில்லையே.