அறுந்துபோகாத நாடா

2007-இல் என் எடை நூற்றுப் பன்னிரண்டு கிலோ. அந்த உடம்போடு நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தேன். என் அளவுக்கு நீச்சல் உடை ஆரணியில் கிடைக்கவில்லை. டெய்லரிடம் கால்சட்டை தைத்து, எங்கள் தறியில் மிஞ்சிய பட்டுநூலை முறுக்கி நாடாவாகக் கோத்தேன். அது அறவே அறாது என்று எனக்குப் பெருமை.

மூன்று மாதத்தில் பதினான்கு கிலோ குறைந்தது. எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் முடிச்சை அவிழ்க்காமலேயே கால்சட்டையைக் கழற்றலாம். மிஞ்சிய நாடா முழங்கால் வரை தொங்கியது. "இடுப்பப் பிடிச்சுத் தச்சுக்கோங்க," என்றாள் மனைவி. நான் கேட்கவில்லை.

சேவூரில் நண்பர் முனுசாமியின் பாசனக் கிணற்றில்தான் பழகினேன். அன்று காலை, "கரண்ட் இல்லீங்க, மோட்டார் ஓடாது. தைரியமா எறங்குங்க," என்று சொல்லிவிட்டு அவர் வயலுக்குப் போனார்.

நீந்திக் களைத்து, தண்ணீருக்குள் இறங்கும் குழாயைப் பிடித்து மூச்சு வாங்கினேன். கையில் அந்தக் குழாய் மெல்ல முனகியது. திடுக்கிட்டுக் கையை எடுத்தேன். உடனே யாரோ என் நாடாவைப் பிடித்தது போலிருந்தது. அவசரமே இல்லாமல் கீழே இழுத்தது. தண்ணீர் தலைக்கு மேல் மூடியது. நாடாவை அறுக்கப் பார்த்தேன், முடியவில்லை. பச்சை இருட்டு. சட்டென்று கால்சட்டை வழுக்கிக் கழன்றது, மேலே வந்துவிட்டேன்.

படியைப் பிடித்துத் திரும்பிப் பார்த்தேன். ஆள் ஒருவன் தலைகீழாக முங்கியதுபோல, கால்சட்டையின் இரண்டு கால்களும் நீருக்குள் அசைந்துகொண்டிருந்தன.

மோட்டார் சத்தம் கேட்டு முனுசாமி ஓடிவந்தார். "கரண்ட் வந்தா தானா ஓடுங்க. சுவிட்ச ஆட்டோல போட்டத மறந்துட்டு பேசிகினு போய்ட்டேன்," என்றார். என் காலருகே இருந்த குழாயின் அடிவாய் நாடாவை உறிஞ்சியிருந்தது.

இப்போது மோட்டாரின் ஃபியூஸைப் பிடுங்கிக் கரையில் வைத்த பிறகே இறங்குகிறேன். நாடா, சுண்டினால் அறும் பருத்தி. இடுப்பைப் பிடித்துத் தைக்கும்படி மனைவி இன்னமும் சொல்கிறாள். அதை மட்டும் செய்யமாட்டேன்.