வாசலைத் தாண்டிய புடவை

நான் சூப்பர்வைசராக இருந்த பட்டுக்கடை உஸ்மான் ரோட்டில் கிழக்குப் பார்த்து இருந்தது. காலை வெயில் வாசற்படியைத் தாண்டி ஓர் அடி உள்ளே வரும், அதற்கு மேல் வராது. உள்ளே பகலெல்லாம் குழல் விளக்குகள் எரியும். அந்த வெளிச்சத்தில் அரக்கும் காப்பிக்கொட்டை நிறமும் ஒன்றாகத் தெரியும். மயில்கழுத்து வெறும் நீலமாகிவிடும்.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு முப்பத்தொரு வயது. என் கீழே பதினான்கு விற்பனையாளர்கள். பெரும்பாலும் முதலாளியின் ஊர்ப்பக்கம், திருநெல்வேலி ஜில்லா. கடைக்குப் பின்னால் ஒரு வீட்டில் பாய் விரித்துப் படுப்பார்கள், கடை மெஸ்ஸில் சாப்பிடுவார்கள். மனைவி மக்கள் ஊரில். சூப்பர்வைசராகிறவன் மட்டும் வெளியே வீடு பார்த்துக் குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம் என்பது முதலாளியின் ஏற்பாடு. எனக்கு அந்தச் சலுகையால் பயனில்லை. கல்யாணம் ஆகவில்லை. திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில், நாளிதழ் ஒன்றில் பிழை திருத்தும் ஒருவனோடு அறையைப் பகிர்ந்துகொண்டிருந்தேன்.

எவன் எங்கே உட்காருவது, எந்த வாடிக்கையாளரை யாரிடம் அனுப்புவது, எவனைத் தட்டிக்கொடுப்பது, எவனைக் கண்டிப்பது, எல்லாம் என் பொறுப்பு. அதற்கு ஒரு நோட்டு வைத்திருந்தேன். வாங்காமல் போனவர்களுக்கு அதில் ஒரு பக்கம். யார் கவனித்தது என்று ஒரு கட்டம், காரணம் என்று ஒரு கட்டம். ‘நிறம் பிடிக்கவில்லை’, ‘விலை’, ‘கூட வந்த நாத்தனார் வேண்டாம் என்றார்’. கேட்டதையும் பார்த்ததையும் மட்டுமே எழுதுவேன். அந்த நோட்டில் பொய் இல்லை என்பதில் எனக்குப் பெருமை இருந்தது.

இன்னொரு பெருமை போணி. நாளின் முதல் வாடிக்கையாளர் வாங்காமல் எழுந்து போனால் அன்று முழுக்க வியாபாரம் படுத்துவிடும் என்பது முதலாளியின் நம்பிக்கை. அதனால் முதல் ஆளைக் கைராசிக்காரனிடம்தான் அனுப்புவார். விற்பனையாளனாக இருந்த ஐந்து வருடமும் அந்தக் கை என்னுடையது. சூப்பர்வைசரான பிறகும் காலையில் முதலாளி என்னைத்தான் பார்ப்பார். நான் போய், புடவை விரித்துக் காட்டும் மெத்தையில் உட்காருவேன். முதல் புடவை விற்ற பிறகு எழுந்து என் வேலையைப் பார்ப்பேன்.

பிறகு ஒரு புது விற்பனையாளன் வந்தான். அவன் சேர்ந்து நான்கு மாதமிருக்கும். ஒரு காலை முதல் வாடிக்கையாளர் படியேறியபோது நான் வழக்கம்போல் மெத்தையை நோக்கி நடந்தேன். முதலாளி கையைச் சற்று உயர்த்தினார்.

“நீரு இரும் வே. இன்னைக்கு அவன் உக்காரட்டும்.”

‘இன்னைக்கு’ என்றுதான் சொன்னார். மறுநாளும் அவன்தான் உட்கார்ந்தான். அடுத்த வாரம் நான் நடப்பதை நிறுத்திக்கொண்டேன்.

அவனுக்கு வயது இருபத்தாறு. ஒல்லி. பேச்சு குறைவு. என்ன விலையில் வேண்டும் என்று கேட்கமாட்டான், வாடிக்கையாளரின் கண்ணைப் பார்ப்பான். முப்பது புடவை விரித்த பிறகு மூன்றாவதாக விரித்ததை மறுபடி எடுத்து மேலே போடுவான். அதைத்தான் வாங்குவார்கள். நான் அருகில் நின்று பலமுறை பார்த்தேன். எப்படித் தெரிந்துகொள்கிறான் என்று எனக்குப் பிடிபடவில்லை. ஐந்து வருடம் அதே மெத்தையில் உட்கார்ந்தவன் நான்.

நிற விஷயத்தில் அவன் செய்தது வேறு யாரும் செய்யாதது. வாடிக்கையாளர் தயங்கினால் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வெளியே போய், நடைபாதையில் பகல் வெளிச்சத்தில் நின்று காட்டுவான். பில் போடாத சரக்கு வாசலைத் தாண்டக் கூடாது என்பது கடையின் முதல் விதி. சேர்ந்த மாதமே என்னிடம் வந்து கேட்டான்.

“அண்ணாச்சி, லைட்டு வெளிச்சத்துல கலரு ஏமாத்துது. வெளிய கொண்டு காட்டட்டுமா?”

“வாட்ச்மேன் பக்கத்தில் நிற்கட்டும். அப்படின்னா சரி” என்றேன். வாட்ச்மேனிடமும் சொன்னேன். முதலாளி காலையில் போணி பார்த்துவிட்டுச் சௌகார்பேட்டை போய்விடுவார், விளக்கு வைக்கும் நேரத்தில்தான் திரும்புவார். அவருக்கு இது தெரியாது. சொல்ல வேண்டிய அவசியம் வந்ததில்லை.

மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி வருவார். கபாலி கோயில் குளத்துக்குப் பக்கத்தில் வீடு, நான்கு பெண்கள். என் காலத்தில் என்னிடம்தான் வாங்கிக்கொண்டிருந்தார். மூத்த பெண் கல்யாணத்துக்கு நான் எடுத்துக் கொடுத்த கூறைப்புடவையைப் பற்றி மூன்று வருடம் பேசினார். அவன் ஒரு தடவை வெயிலில் நின்று காட்டினான். அதன் பிறகு மாமி படியேறும்போதே, “அந்தப் பிள்ளையாண்டான் இருக்கானோ?” என்பார். என்னைப் பார்த்தும் சிரிப்பார். பஸ் கண்டக்டரைப் பார்த்துச் சிரிப்பது போல.

கடைக்குள் ஒரு கரும்பலகை உண்டு. மாதத்தின் சிறந்த விற்பனையாளர் பெயரை அதில் எழுதுவது என் ஏற்பாடு, ஊக்கம் கொடுப்பதற்காக. ஐந்து மாதம் தொடர்ந்து அவன் பெயரை என் கையாலேயே எழுதினேன். ஆறாவது மாதம் விதியை மாற்றினேன். குறைந்த புடவை விரித்து நிறைய விற்பவன்தான் சிறந்தவன். விரிப்பு அதிகமானால் ஜரிகை மடிப்பில் வெட்டுகிறது, மடிக்கவும் நேரம் போகிறது என்று காலைக் கூட்டத்தில் விளக்கினேன். காரணம் உண்மையானதுதான். பலகையில் பெயர் மாறியது. மற்றவர்கள் புடவையை விரிக்கவே யோசித்தார்கள்.

“ஏன்யா, விரிச்சுக் காட்டினா கரைஞ்சா போயிடும்? இதென்ன மியூசியமா?” என்று ஓர் அம்மாள் சத்தம் போட்டுவிட்டுப் போனார். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அவன் மட்டும் முன்போலவே முப்பது விரித்தான். கடை சாத்தும் முன் தன்னுடையதை மடித்துவிட்டு மற்றவர்களுடையதையும் மடித்துக் கொடுத்தான். அதை எழுதவில்லை. எழுத அதற்குக் கட்டம் இல்லை.

ஆவணியில் முதலாளி என்னைக் கூப்பிட்டார். மயிலாப்பூரில் வடக்கு மாட வீதியில் ஐப்பசியில் கிளை திறக்கப் போவதாகச் சொன்னார்.

“சூப்பர்வைசரா அவனப் போடலாம்னு நெனைக்கேன். நீரு அவனப் பத்தி ஒரு தாள்ல எழுதிக் கொடும். உள்ளது உள்ளபடி.”

செய்தி எப்படியோ மெஸ் வரை போய்விட்டது. மறுநாள் சாப்பாட்டு வேளையில் அவன் என் எதிரே வந்து உட்கார்ந்தான்.

“அண்ணாச்சி, சித்திரக்குளத்துக்குப் பின்னால ஒரு ரூம்பு பாத்திருக்கேன். சின்னதுதான். ஆனா ஜன்னல் உண்டு. குழாய்த் தண்ணி வாசல்லயே வருது. பிள்ள பொறந்து பதினோரு மாசமாச்சு, ரெண்டு மட்டந்தான் பாத்திருக்கேன். ஐப்பசி வரைக்கும் யாருக்கும் விடாதீங்கன்னு வீட்டுக்காரம்மாட்ட சொல்லி வச்சிருக்கேன்.”

“நடக்கும்” என்றேன். சோற்றைப் பிசைந்துகொண்டு அவன் ஜன்னலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொன்னான். என் அறை ஜன்னல் அடுத்த மேன்ஷனின் சுவரைப் பார்த்து இருந்தது.

அந்த வாரக் கடைசியில் அறிக்கை எழுதினேன். ஆறு வரிகள். நேரம் தவறமாட்டார். வாடிக்கையாளர்களுக்கு அவரைப் பிடிக்கிறது. ஒரு விற்பனைக்கு முப்பது புடவை வரை விரிக்கிறார். விரிப்பைக் குறைக்கும்படி கூட்டத்தில் சொல்லியும் குறைக்கவில்லை. அதிகம் பேசமாட்டார். கடைசி வரி: ‘பில் போடாத சரக்கை வாசலுக்கு வெளியே எடுத்துச் செல்லும் வழக்கம் உண்டு.’

பின்னாளில் நானும் நாளிதழ் வேலைக்குப் போய் இருபது வருடம் பிறர் எழுதிய செய்திகளைத் திருத்தினேன். பெயரும் தேதியும் எல்லாம் சரியாக இருந்தும் ஒரு மனிதனைத் தொலைத்துவிடும் செய்திகள் மேஜைக்கு வரும். எந்த வரியில் அது நடக்கிறது என்று எனக்கு உடனே தெரியும். அப்படி ஒன்றை எழுதிப் பார்த்தவன் என்பதுதான் காரணம்.

முதலாளி தாளை இரண்டு முறை படித்தார். எதுவும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து சௌகார்பேட்டை போகவில்லை. வாசலருகே நாற்காலி போட்டு நாள் முழுக்க உட்கார்ந்தார். அவனை மாடியில் துண்டு, வேட்டிப் பிரிவுக்கு அனுப்பினார். சாயங்காலம் அவன் கிளம்பும்போது வாட்ச்மேன் அவனுடைய துணிப்பையைத் திறந்து பார்க்க வேண்டும் என்று உத்தரவு. பதினான்கு பேரில் அவன் பை மட்டும். வரிசையில் நின்ற மற்றவர்கள் பார்த்தார்கள். பையில் சோப்பு டப்பாவும் ஓர் இன்லண்ட் கடிதமும் இருந்தன.

“நான் இன்னா பண்றது தம்பி, மொதலாளி ஆர்டர்” என்றார் வாட்ச்மேன். அவன் பையை மூடினான். நடந்துபோகும்போது என்னிடம் நின்றான்.

“அண்ணாச்சி, நான் என்ன தப்பு செஞ்சேன்? ஒங்களுக்குத் தெரியுமா?”

“விசாரிக்கிறேன்” என்றேன்.

போணியும் எனக்குத் திரும்ப வரவில்லை. முதலாளி அதை வேறொருவனுக்குக் கொடுத்தார். மாட வீதிக் கிளைக்குத் தன் மைத்துனர் பெயரைச் சொல்ல ஆரம்பித்திருந்தார். புரட்டாசி பாதி போய்விட்டது. ஐப்பசிக்கு இரண்டு வாரம்தான் பாக்கி.

நவராத்திரிக்கு முன் ஒரு நாள் மதியம் மயிலாப்பூர் மாமி வந்தார். இரண்டாவது பெண்ணுக்கு நிச்சயதார்த்தம்.

“எங்கே அவன்?”

“வேற பிரிவில இருக்கார் மாமி. நான் காட்டறேன்.”

மெத்தையில் உட்கார்ந்து விரித்தேன். இருபத்திரண்டு புடவை. எண்ணிக்கொண்டே விரித்தது நினைவிருக்கிறது. மாமி ஓர் அரக்குப் புடவையைக் கையில் எடுத்தார்.

“இது அரக்கா, காப்பிக்கொட்டையான்னே தெரியலையே. அவன் இருந்தா வெளியில கொண்டுபோய்க் காட்டுவான். உனக்கு அதெல்லாம் வராதோ?”

முதலாளி வாசலில் இருந்தார். புடவை பிடிக்காமல் மாமி எழுந்தால் அதை என் கையாலேயே வாங்காதவர்கள் பக்கத்தில் எழுத வேண்டும். ‘வராதோ’ என்ற சொல் காதிலேயே நின்றது. புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேன். முதலாளியின் நாற்காலியைக் கடந்து, படியைத் தாண்டி, வெயிலில் போய் நின்றேன். அவனுக்கு வருவது எனக்கும் வரும் என்று காட்ட வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் மனதில் இல்லை.

வாட்ச்மேன் தன் இடத்திலிருந்து சத்தமாகச் சிரித்தார். “இன்னா சார், நீயே எட்துக்கினு வந்துட்டே? அந்தத் தம்பி வந்தா நான் கூடவே நிப்பேன், நீ சொன்னாமாரி. இப்ப ஒனக்கும் நிக்கணுமா?”

மாமி நிறத்தைப் பார்த்து, “அரக்குதான். பேஷ்” என்றார். வாங்கினார். நான் புடவையை மடித்துப் பில்லுக்கு அனுப்பிவிட்டுத் திரும்பியபோது முதலாளி நாற்காலியில் இல்லை. உள் அறையில் என் தாள் அவர் முன்னால் இருந்தது.

“கடேசி வரில எழுதியிருக்கீரே, அது இதுதானா வே?”

“ஆமா முதலாளி.”

“வாட்ச்மேன்ட்ட சொல்லி வச்சது நீருதானா?”

“ஆமா.”

“எழுதினதுல பொய்யி ஒண்ணும் இல்ல.”

“இல்ல முதலாளி.”

தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “போயி அவன மாடிலருந்து எறங்கி வரச்சொல்லும்” என்றார். என்னை வேலையை விட்டு நீக்கியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

ஐப்பசி பிறந்ததும் கிளை திறந்தது. அவன் போவதற்கு முந்தின நாள் ஒரு பொட்டலம் மனோகரப் பலகாரத்தோடு என்னிடம் வந்தான். மனைவியும் பிள்ளையும் அன்று காலைதான் எழும்பூரில் வந்து இறங்கியிருந்தார்கள்.

“அண்ணாச்சி, நீங்கதான் என்னயப் பத்தி நல்லபடியா எழுதிக் குடுத்தியளாம். முதலாளி சொன்னாவ. நான் இத மறக்க மாட்டேன்.”

அவன் முகத்தை உற்றுப் பார்த்தேன். கேலி இல்லை. மனோகரத்தை வாங்கிக்கொண்டேன். எதிரே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் முதலாளி எங்கள் பக்கமே பார்க்காமல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

அடுத்த திங்கட்கிழமை கடை திறந்ததும் முதலாளி என் பக்கம் திரும்பினார். “போணிய நீரு பாரும் வே. பழைய கைதானே.” நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மெத்தையில் போய் உட்கார்ந்தேன். முதலில் படியேறியவர் மயிலாப்பூர் மாமி.

“அவன் பழைய இடத்துக்கு வந்துட்டானோ?”

“அவர் இப்ப நம்ம மயிலாப்பூர் கிளையில் சூப்பர்வைசர், மாமி. வடக்கு மாட வீதி.”

“அட ராமா, ஆத்துலேர்ந்து நாலு எட்டு! நான் பாட்டுக்கு ரெண்டு பஸ் மாறிண்டு வந்திருக்கேன் பார்” என்றார். உட்காரவே இல்லை. குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

முதலாளி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நோட்டைத் திறந்தேன். யார் கவனித்தது என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் கொஞ்ச நேரம் பேனா நின்றது. பிறகு ‘மழை’ என்று எழுதினேன். வெயில் வழக்கம்போல் படியைத் தாண்டி ஓர் அடி உள்ளே வந்திருந்தது.