மூன்று புள்ளி வைத்த கப்புகள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓர் ஆடி மாதம். விருத்தாசலத்தில் டீக் கப் செய்யும் சிறிய பீங்கான் பட்டறை ஒன்றில் நான் சூப்பர்வைசராகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. டிப்ளமோ முடித்த கையோடு கிடைத்த வேலை. திட்டக்குடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். ஒன்றே போதும் என்று அந்த வயதில் தோன்றவில்லை.

அச்சிலிருந்து எடுத்த ஈரக் கப்புகளுக்குக் கைப்பிடி ஒட்டும் வேலையை நான்கு பெண்கள் செய்தார்கள். யார் ஒட்டியது என்று தெரிவதற்காக ஒவ்வொருவரும் கப்பின் அடியில் மூங்கில் குச்சியால் தங்கள் அடையாளத்தைக் கீறிவிடுவார்கள். ஒருவருக்கு ஒரு கோடு, ஒருவருக்கு வட்டம், இப்படி. மூன்று புள்ளி வைப்பவர் ஸ்ரீமுஷ்ணம் பக்கத்துக் கிராமத்துக்காரர், ஏறக்குறைய என் வயதுதான். அவருடைய பஸ் தாமதமாகத்தான் வரும். அதற்குள் மற்றவர்கள், கப்புகளைப் பலகையோடு காய வைக்கும் உள்பக்க ஸ்டாண்டுகளைப் பிடித்துவிடுவார்கள். மேற்குச் சன்னலை ஒட்டிய ஸ்டாண்டு அவருக்கு.

ஆர்டர் அவசரம், கப்புகள் சீக்கிரம் காயட்டும் என்று அந்தச் சன்னலைத் திறந்துவிட்டவன் நான். ரொம்ப நாளாகச் சாத்திக் கிடந்த சன்னல் அது. இத்தனை வருடம் யாருக்கும் தோன்றாதது நமக்குத் தோன்றியதே என்று பெருமை வேறு.

அடுத்த வாரமே கைப்பிடி ஒட்டிய இடத்தில் விரிசல் காண ஆரம்பித்தது. காய்ந்த கப்பில் மண்ணெண்ணெய் தடவினால் விரிசல் மட்டும் கறுப்பாகத் தெரியும். அப்படித் தடவிப் பார்த்து, உடைசலைத் தனியாகப் பிரித்து, அடையாளம் பார்த்து நோட்டில் எழுதினேன். முக்கால்வாசி மூன்று புள்ளி. எல்லோர் முன்னாலும் அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"கையில தப்பு இல்ல சார். காத்து ஒரு பக்கமா அடிக்குது. பிடி முதல்ல காஞ்சிடுது, கப்பு ஈரமாவே நிக்குது. என் பலகைய உள்ளாற வச்சிப் பாருங்க" என்றார்.

"மண்ணு எப்பிடி காயும்னு எனக்கு நீங்க சொல்லித் தர்றீங்களா?"

"பாத்தத சொன்னேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார்.

மற்ற மூவரும் குனிந்து வேலை பார்த்தார்கள். சிரிப்பை அடக்குகிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். அந்தக் கோபத்தோடு முதலாளியிடம் போய் நோட்டைக் காட்டி, அவர் கை சரியில்லை, அனுப்பிவிடலாம் என்றேன். சனிக்கிழமை மாலை அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவர் தன் மூங்கில் குச்சியைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

திங்கட்கிழமை, ஒரு கோடு வைக்கும் அக்காவைச் சன்னல் ஸ்டாண்டுக்கு மாற்றினேன். அவர் ஒட்டிய கைப்பிடி விரிசல் விட்டதே கிடையாது. ஆள் மாறினால் விரிசல் நின்றுவிடும், நான் சொன்னது சரி என்று எல்லோருக்கும் தெரியட்டும் என்றுதான் அப்படிச் செய்தேன்.

புதன்கிழமை மண்ணெண்ணெய் தடவினேன். வரிசையாகக் கறுப்புக் கோடுகள். கப்பைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஒரு கோடு. அடுத்ததிலும் அதே ஒரு கோடு.

அப்போது நான் செய்ததைச் சொல்ல இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. சுடாத கப்பைத் தண்ணீரில் போட்டால் கரைந்து மறுபடி மண்ணாகிவிடும். முதலாளி வருவதற்குள் இரண்டு பலகைக் கப்புகளைத் தூக்கிக்கொண்டு போய்த் தொட்டியில் போட்டுவிட்டேன். மூன்றாவது பலகையைத் தூக்கும்போது அந்த அக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

"சார், என்னோடதையும் நோட்டுல எழுதுங்க" என்றார். சத்தமே இல்லாமல்தான் சொன்னார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

எழுதினேன். தொட்டியில் போட்டதையும் சேர்த்தே எழுதி முதலாளியிடம் கொண்டுபோனேன். சன்னலைத் திறந்தது, மூன்று புள்ளிக்காரர் சொல்லியும் கேட்காதது, கரைத்தது எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். முதலாளி நோட்டை மூடி என்னிடமே நீட்டி, "அந்தப் பொண்ண அனுப்பச் சொன்னது நீதான? நீயே போயி கூட்டிகிட்டு வா" என்றார்.

ஸ்ரீமுஷ்ணம் பஸ் பிடித்து, விசாரித்து, அவர் வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் மிளகாய் காய வைத்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். கோபப்படுவார் என்று பார்த்தால், முதலில் கேட்டது, "சன்னல சாத்திட்டீங்களா?"

"சாத்திட்டேங்க."

"சாத்தாதீங்க. ஆர்டருக்குக் காயாது. ஈரச் சாக்கு கட்டி வுடுங்க, காத்து மட்டா வரும்."

பையிலிருந்து பேனாவை எடுத்து எழுதிக்கொண்டேன். பிறகு, வேலைக்கு வருவீர்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் மிளகாயைத் துழாவிக்கொண்டே சொன்னார்: "வூட்டுல எல்லாரும் என் கைதான் சரியில்லன்னு நெனைக்கிறாங்க. பட்டறையிலயும் அப்பிடித்தான் நெனப்பாங்க. நாலு பேரு முன்னாடிதான சொன்னீங்க? நாலு பேரு முன்னாடியே மாத்தி சொல்லுங்க, வரேன்."

அவர் வீட்டுக்காரரையும் மாமியாரையும் அப்போதே கூப்பிட்டு, தப்பு என்னுடையது என்று சொன்னேன். மறுநாள் காலை பட்டறையிலும் சொன்னேன். ஒரே வரிதான். யாரும் சிரிக்கவில்லை. மூன்று புள்ளிக்காரர் தலையாட்டிவிட்டு மண்ணில் கை வைத்தார். சாக்கு கட்டிய பிறகு விரிசல் பெரும்பாலும் நின்றுவிட்டது. மிச்சம் வந்ததற்கு என்ன காரணம் என்று அந்த நான்கு பேரையும் கேட்டேன். நான்கு பேரும் நான்கு காரணம் சொன்னார்கள், அதில் இரண்டு சரியாக இருந்தது.

அதன் பிறகு எத்தனையோ பட்டறைகளில் வேலை பார்த்துவிட்டேன். என் வேலையில் யாராவது குறை சொன்னால் இன்றும் முதலில் சுருக்கென்று கோபம் வரத்தான் செய்கிறது. ஆனால் வாயைத் திறப்பதற்கு முன் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன், ஏனென்றால் அன்று நான் பார்க்காமல் பேசிய ஒரு வார்த்தைக்கு நான்கு நாள் வீட்டிலும் வெளியிலும் தலைகுனிந்து இருந்தது நான் அல்ல.