வெள்ளை வல்லூறுக் கண்ணாடி

வாளியில் துணி ஊறுகிறது. அலசிப் பிழியும் முன், கை ஈரம் காயும் நேரத்தில் இதை எழுதுகிறேன். கண்ணாடி துடைக்கிற வேலையில் மாட்டிக்கொண்ட அக்கா தங்கச்சிகளே, உங்களுக்குத் தெரியாததா? நன்றாகத் துடைத்தால் கண்ணாடி இருப்பதே யார் கண்ணிலும் படாது, துடைத்தவளும் படமாட்டாள். எனக்கு அது வசதி. ஆறாவது வரை படித்தவள், யாரோடும் அவ்வளவாகப் பேச வராது. தகனினியிலிருந்து ரயில் பிடித்து ஆக்லாந்து நகரத்துக்குள் ஒரு பறவைக் காட்சிக்கூடத்துக்குப் போகிறேன். எல்லாம் பஞ்சடைத்த பறவைகள். துடைக்கும்போது பறக்காது.

பெரியதும் சின்னதும்

நடுப்பெட்டியில் ஜிர்ஃபால்கன் ஜோடி. வடதுருவத்துப் பறவை, வல்லூறுகளிலேயே பெரிய இனம். ரெண்டும் வெள்ளை, இறக்கையில் கறுப்புப் புள்ளி. சென்னையிலிருந்து வந்திருந்த ஒருவர் மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தார்: பெரியது ஆண், நிற்கிற கம்பீரத்தைப் பார், சின்னது அதன் பொண்டாட்டி. தப்பு என்று எனக்குத் தெரியும். ஒரே இடத்தை நாலு தடவை துடைத்தேன். அந்த அம்மா பெட்டியில் ஒட்டியிருந்த விவர அட்டையைப் படித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

“பெருசுதாங்க பொண்டாட்டி. அது முட்டைமேல உக்காந்திருக்குமாம், சின்னவரு வேட்டையாடிக் கொண்டாந்து குடுக்கணுமாம்.”

கழுவாத வீடு

அட்டையில் உள்ள மற்றதை எனக்கு வாசித்துச் சொன்னவர் வாசல் காவலில் நிற்கும் சிவம் அண்ணா, யாழ்ப்பாணத்துக்காரர். ஜிர்ஃபால்கன் கூடு கட்டாதாம். மலைப்பாறை விளிம்பில் முட்டையிடும், இல்லாவிட்டால் அண்டங்காக்கை விட்டுப்போன கூட்டில். நல்ல விளிம்பு கிடைத்தால் தலைமுறை தலைமுறையாக அதே இடம்தான். யார் சுத்தம் செய்வது? எச்சம் அடுக்கடுக்காக உறைந்துபோய்க் கிடக்கும். அதைச் சுரண்டிப் பார்த்துத்தான், ஆயிரம் வருஷத்துக்கு மேலாக இங்கே குடியிருந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கிறார்களாம். கேட்டதும் எனக்குக் கை அரித்தது. அண்ணா என் துணியைப் பார்த்தார்:

“ஓம் தங்கச்சி, உங்களை அங்க வேலைக்கு விட்டிருந்தா ஒரு சரித்திரமும் மிஞ்சியிராது.”

திங்கட்கிழமை

ஒரு வெள்ளிக்கிழமை மேனேஜர் அம்மா சொன்னார்: ஜிர்ஃபால்கன் இந்த நாட்டுப் பறவை இல்லை, அதை யாரும் நின்று பார்ப்பதும் இல்லை. திங்கள் காலை ஒரு தடவை பார்த்துவிட்டு ஸ்டோருக்கு அனுப்பி, அந்த அறையையே மூடிவிடலாம். மூடினால் என் காலை ஷிஃப்ட் போச்சு, சாயங்கால ஷிஃப்ட்தான் கிடைக்கும். ஸ்கூல் விட்டதும் மகளை யார் கூட்டிவருவது? வீட்டுக்காரருக்கு ஊரின் மறுகோடியில், வெஸ்ட்கேட்டில் வேலை, ஆறு மணிக்கு முன்னால் வரமாட்டார். யாரும் பார்ப்பதில்லை என்பது பொய். அதை எடுத்துச் சொல்ல எனக்கு வாயில்லை.

திங்கட்கிழமை என் முதல் வேலை, சனி ஞாயிறு கூட்டம் விட்டுப்போன கறையைத் துடைப்பது. அன்றைக்குத் துணியை வாளியிலேயே விட்டேன். மேனேஜர் வந்தார். வாத்துப் பெட்டி, கடற்பறவைப் பெட்டி எல்லாம் பளபள என்று இருந்தன. ஜிர்ஃபால்கன் பெட்டியில் பறவையே தெரியவில்லை. இடுப்புயரத்தில் வரிசையாகப் பிள்ளைகள் அழுத்திவிட்டுப்போன சின்னச் சின்ன மூக்கு, உள்ளங்கை, ஒரு முழு வாய். “இதை மட்டும் ஏன் துடைக்கல?” என்றார். “எதையுமே துடைக்கல மேடம்” என்றேன். அவரிடம் நான் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். அவர் திரும்பவும் ஒவ்வொரு பெட்டியாகப் போய்க் கண்ணாடியைப் பார்த்தார். வந்து சொன்னார்:

“சரி, இவங்க இங்கேயே இருக்கட்டும். இப்ப துடைச்சிடு.”

ஆக, என் வேலையைக் காப்பாற்றியது நான் செய்யாமல் விட்ட வேலைதான் என்று எழுதி முடிக்கலாமென்றால், பாத்ரூமிலிருந்து மகள் “மம்மி, கம் அண்ட் சீ, ஐ ட்ரூ அ பேர்ட் ஆன் த மிரர்” என்று கூப்பிடுகிறாள், டூத்பேஸ்ட்டில்தான் வரைந்திருப்பாள், துணியை எடுத்துக்கொண்டு போவதா வேண்டாமா என்று…