மகள் கேட்ட வாக்மேன்

லீவுக்கு ஊருக்கு வருகிற அப்பனிடம் பிள்ளைகள் என்ன கேட்கும்? பொம்மை கேட்கும், சாக்லேட் கேட்கும், ரிமோட்டில் ஓடுகிற கார் கேட்கும். என் மகள் கேசட் போடுகிற வாக்மேன் கேட்டாள். அவள் அப்போது ஐந்தாம் வகுப்பு. நான் ஓமானில், சோஹார் துறைமுகத்தை ஒட்டிய ஒரு சைட்டில் பைப் ஃபிட்டர். எங்கள் கேம்ப்பில் போன வாரம் வந்து இறங்கிய பையன்கூட கட்டைவிரல் அளவு எம்பித்ரீயைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்த காலம் அது.

“கேசட்டு எதுக்குத்தா? இப்ப எம்பித்ரீன்னு ஒண்ணு வந்திருக்கு. ஊருப்பட்ட பாட்டு புடிக்கும்,” என்றேன் போனில்.

“எனக்குக் கேசட்டு போடறதுதான்ப்பா வேணும். காதுல மாட்டிக் கேக்கறது.”

“பெரியம்மா வீட்டுலதான் டேப்பு இருக்கே.”

“அது எல்லாருக்கும் கேக்கும்ல.”

அவளுக்குத் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அவள் அம்மாவும் அப்படித்தான்.

அவள் அம்மா இறந்து அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது. மஞ்சள் காமாலை. சேதி வந்தபோது நான் சைட்டில் குழாய்க்கு அளவெடுத்துக்கொண்டிருந்தேன். பாஸ்போர்ட் கம்பெனியிடம், கையெழுத்துப் போடவேண்டிய கஃபீல், அதாவது விசா கொடுத்த அரபி முதலாளி, வேறு ஊரில். ஒவ்வொரு ஆபீஸ் வாசலிலும் நின்று, விமானம் பிடித்து, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து கருமாதிக்கு ஆள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. நெடுநேரம் சம்மணமிட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப் போகுமே, அந்த மாதிரி இருந்தது. கால் என்றால் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். மனைவியின் அக்கா வீட்டில் மகளை விட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். டியூட்டிக்குப் போனேன், சாப்பிட்டேன், தூங்கினேன். யாராவது எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் நல்லா இருக்கேன் என்றேன். பொய் ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருந்தேன், அதுதான் கொடுமை.

டிக்கெட் விஷயமாக மஸ்கட்டுக்குப் போனபோது அப்படியே ரூவி கடைத்தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். கேசட் என்று சொன்னாலே சிரித்தார்கள். கடைசியில் கீழக்கரைக்காரர் ஒருவரின் எலக்ட்ரானிக் கடை. ஊர்ப் பேச்சைக் கேட்டதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு டீ சொன்னார்.

“கேசட்டெல்லாம் கலாஸ், முடிஞ்சுபோச்சு தம்பி. ஊரே ஒரு பக்கம் போவும்போது ஒங்க மவ மட்டும் ஏன் எதிர்ப்பக்கம் போவுது? பிள்ளை தெரியாமக் கேக்கும், நாமதான் பாத்து வாங்கிக் கொடுக்கணும்.”

“அதுவும் சரிதான் பாய்.”

பளபளவென்று ஒரு எம்பித்ரீயை எடுத்து வைத்தார். சிவப்பு நிறம். கடையிலேயே பாட்டு ஏற்றிக் கொடுப்பதாகச் சொன்னார். என்ன பாட்டு வேண்டும் என்று கேட்டபோதுதான் முழித்தேன். என் மகளுக்கு என்ன பாட்டுப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. “புதுப் பாட்டா நீங்களே பாத்துப் போடுங்க” என்று சொல்லிவிட்டு, பக்கத்து பூத்திலிருந்து ஊருக்குப் போன் போட்டேன். பிள்ளை சந்தோஷப்படும் என்றுதான் நினைத்தேன்.

“ஆத்தா, வாங்கியாச்சு. சிவப்புக் கலரு.”

“கேசட்டு போடலாமாப்பா அதுல?”

“அதெல்லாம் பழசு, இது...”

லைன் போய்விட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன். அப்புறம்தான் மெதுவாகச் சொன்னாள். பக்கத்தில் பெரியம்மா இருந்திருக்க வேண்டும்.

“அம்மா பெட்டியில ஒரு கேசட்டு இருந்துச்சுப்பா. சேலைக்கு அடியில. அம்மா ஒங்களுக்குப் பேசி அனுப்புனதாம்ல, பெரியம்மா முன்னாடி சொல்லியிருக்கு. எனக்கு அம்மா குரல் மறந்துபோச்சு. டேப்புல போட்டா பெரியம்மா அழும். அதான்.”

நான் சரி என்றேன். சரித்தா, கேசட்டு போடறதே வாங்கியாறேன் என்றேன். அவசரமாகப் போனை வைத்தேன்.

ஏனென்றால் அந்தக் கேசட்டில் இருப்பது அவள் அம்மா இல்லை. நான்.

கல்யாணமான புதிதில் போன் பேசுவது எங்களுக்கெல்லாம் எட்டாத காரியம். ஆட்கள் லீவில் போகும்போதும் வரும்போதும் கேசட் கொடுத்து விடுவோம். வளைகுடாவில் இருந்த எல்லோரும் செய்ததுதான். ஆனால் கேம்ப் ரூமில் ஒருத்தன் பெண்டாட்டி கேசட் வந்தால் அவன் டியூட்டியில் இருக்கும்போது மற்றவர்கள் போட்டுக் கேட்டுவிடுவார்கள். “மாமா, எப்ப மாமா வருவீக” என்று ராத்திரி முழுக்க ராகம் போட்டு அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள். இதை நானே சிரிப்பாக அவளிடம் சொல்லப்போய், அவள் பயந்துவிட்டாள். “நான் பேசுனதக் கேட்டுட்டு, அது மேலயே நீங்க பேசி அனுப்புங்க. என் குரலு அங்க இருக்கக் கூடாது” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதனால் எங்களுக்கு ஒரே கேசட்தான். அவள் பேசியதன் மேல் நான் பேசுவேன், நான் பேசியதன் மேல் அவள் பேசுவாள். சுற்றிச் சுற்றி வந்தது. கடைசியாக இங்கிருந்து நான் பேசி அனுப்பினேன். அதற்குள் ஊரில் தெருமுனைக் கடைக்குப் போன் வந்துவிட்டது. கேசட் அவளிடமே தங்கிவிட்டது.

கடைக்குத் திரும்பிப் போனேன். பாய் பாதிப் பாட்டு ஏற்றியிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். எம்பித்ரீயை ஓரமாக வைத்துவிட்டு, பின்னால் குடோனுக்குள் போய் ரொம்ப நேரம் உருட்டினார். தூசி படிந்த ஒரு வாக்மேனோடு வந்தார். விற்காமல் கிடந்த சரக்கு. செல் போட்டு, தன்னிடம் இருந்த ஒரு பழைய கேசட்டை ஓடவிட்டுப் பார்த்தார்.

“நல்லா ஓடுது. ஆனா அதுல இருக்கறது நீங்கன்னு பிள்ளைகிட்ட சொல்லிட்டீங்களா?”

“இல்ல பாய்.”

“போயி நேர்ல சொல்லுங்க தம்பி. போன்ல சொல்ற விஷயமில்ல.” அதற்கு மேல் கிண்டாமல் வாக்மேனைத் துடைத்துப் பொதிந்து கொடுத்தார் அந்த மனுஷன். அதுவே பெரிய உபகாரம்.

வீட்டில் போய் இறங்கிய அன்று சொந்தக்காரர்கள், பெட்டி பிரிப்பது, யாருக்கு என்ன என்று ஒரே அமளி. மறுநாள் பெரியம்மா நூறுநாள் வேலைக்கோ எதற்கோ போயிருந்த நேரம் பார்த்து மகள் கேசட்டோடு வந்து என் எதிரே உட்கார்ந்தாள். அதன் அட்டையில் என் பெயரை அவள் அம்மா எழுதியிருந்தாள். பிள்ளை ஏமாந்ததற்குக் காரணமே அந்தக் கையெழுத்துதான்.

“ஆத்தா, ஒண்ணு சொல்றேன், கேளு. அதுல அம்மா பேசல. அம்மா பேசுனத அழிச்சிட்டு நான் பேசுனது.”

என்னைப் பார்த்தாள். “முழுசும் அழிஞ்சிருக்குமா?”

“முழுசும்தான்த்தா. ரெண்டு பக்கமும் நான்தான்.”

“கேட்டுத்தான் பாக்கறேனே,” என்று காதில் மாட்டிக்கொண்டாள்.

ஒரு பக்கம் முழுக்கக் கேட்டாள். திருப்பிப் போட்டு மறு பக்கத்தையும் கேட்டாள். நடுநடுவே நிறுத்தி என்னிடம் ஏதாவது கேட்பாள்.

“‘அந்தத் தலைவலிக்கு டாக்டர்ட்ட போ’ங்கிறீங்க. அம்மாவுக்குத் தலைவலின்னு சொன்னுச்சா?”

“ஆமா. அப்ப நீ வயித்துல இருந்த.”

“‘பச்சைக் கலரே எடு’ங்கிறீங்க?”

“சேலை. பச்சையா அரக்கான்னு கேட்டிருந்துச்சு.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் பதிலை வைத்து அம்மா என்ன கேட்டாள் என்று பிடித்துக்கொண்டிருக்கிறாள். கெட்டிக்காரப் பிள்ளை. நானும் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டு வந்தேன், வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி, ஒன்றும் தோன்றாமல்.

ஒரு இடம் வந்ததும் நிறுத்தி, பின்னால் ஓட்டி, ஒரு பக்கத்துக் காதுபோனைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். “இங்க எதுக்குப்பா சிரிக்கிறீங்க?”

கேட்டேன். “ஏய், அந்த ஆட்டுக்குட்டி கதைய சொன்னியே...” என்று ஆரம்பிக்கிறேன். மேலே பேச முடியவில்லை. சிரிப்பு. அடக்கிக்கொண்டு மறுபடி “அந்த ஆட்டுக்குட்டி...” என்கிறேன், மறுபடி சிரிப்பு. பக்கத்தில் யாரோ “என்னடா ஆச்சு ஒனக்கு” என்று அதட்டுவதுகூடக் கேட்கிறது.

“ஆட்டுக்குட்டி என்ன செஞ்சுச்சு? அம்மா என்ன சொன்னுச்சு?”

யோசித்தேன். வீட்டில் ஆட்டுக்குட்டி இருந்ததா என்பதே நினைவில்லை. “தெரியலத்தா. மறந்துபோச்சு,” என்றேன்.

அவள் அந்த இடத்தை இன்னொரு தடவை ஓட்டிக் கேட்டாள். அப்புறம் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இது நெசமாவே நீங்கதானா? நீங்க சிரிச்சு நான் பாத்ததே இல்லப்பா.”

குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரி சும்மாதான் சொன்னாள். அதற்காகவாவது சிரித்துக் காட்டுவோம் என்று வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. காதில் அந்தப் பயல் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். மகள் வாக்மேனை நிறுத்திவிட்டு நகர்ந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.