நான் ஆலங்காயத்துக்காரியாக இருந்த எட்டு மாதம்

போன ஞாயிற்றுக்கிழமை மகள் போனில் ஒரு படம் பார்த்துக்கொண்டிருந்தாள். வேற்றுக்கிரகத்து ஆட்கள் கப்பல் பழுதாகி பூமியில் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களை ஊருக்கு வெளியே வேலி போட்டு அடைத்து, கடை வாசல்களில் 'மனிதர்களுக்கு மட்டும்' என்று பலகை மாட்டிவிடுகிறார்கள். "ஏம்மா, ஒண்ணாவது மனுசன் மாதிரி வேசம் போட்டுகினு உள்ள பூந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டாள். நான் பூந்தவள்தானடி என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதே படத்தைக் கல்யாணத்துக்கு முன்னாலேயே பார்த்திருக்கிறேன்.

அப்போது திருப்பத்தூரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை மடிக்கும் வேலை. கஞ்சி போட்ட புதுத்துணி வாசனை மூக்கில் பட்டால் இன்றைக்கும் எனக்குக் கால் வலிக்கும், நாளெல்லாம் நின்ற கால் அல்லவா. எங்கள் ஊர் ஜவ்வாது மலையில், பஸ் நிற்கிற இடத்திலிருந்து இன்னும் ஒரு மணி நேர நடை. தினம் போய்வர முடியாது. அறை கிடைக்காவிட்டால் வேலையும் கிடையாது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஓர் அக்கா மாடி அறையை வாடகைக்கு விடுகிறார் என்று போனேன். எனக்கு முன்னால் நின்ற பெண்ணிடம் அவர் சொன்னது காதில் விழுந்தது. "மலைக்காரங்களுக்கு வுடறதில்லம்மா. ஒருத்தர் வந்தா ஊரே வந்து தங்கும்." அடுத்து என் முறை.

"நீ இன்னா ஊரு?"

"ஆலங்காயங்க்கா."

மலைக்குக் கீழே இருக்கிற ஆலங்காயத்தில் பஸ் மாறியதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. எந்தத் தெரு என்று யாராவது கேட்டால் பஸ் ஸ்டாண்டு பின்னாடி என்பேன். எந்த ஊரிலும் அங்கே ஒரு தெரு இருக்கும் என்ற தைரியம்தான். சிரிக்காதீர்கள், எட்டு மாதம் ஓட்டினேன். ஆனால் மாதம் ஒருமுறை அப்பா பார்க்க வருவார். தோளில் கம்பளி, அந்தப் பேச்சு. பார்த்ததுமே மலை என்று தெரிந்துவிடும். "ரூமு ரொம்ப தூரம்ப்பா, உன்னால நடக்க முடியாது" என்று பஸ் ஸ்டாண்டிலேயே டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு மத்தியானம் அக்கா வீட்டு டிவியில்தான் அந்தப் படம் வந்தது, தமிழ் பேசி. வேற்றுக்கிரகத்துக்காரன் "இன்னா நைனா" என்றதும் சிரித்து மாளவில்லை. குட்டி ஒன்று வேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்தில் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "பாவம்டி, அதுங்க யாருக்கு இன்னா கெடுதல் பண்ணுச்சிங்க?" எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

சாயந்திரம் அக்காவும் என் அறைத்தோழியும் நானும் கடைத்தெருவுக்குக் கிளம்பினோம். மலையில் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடப்போம், ஒற்றையடிப் பாதையில் வேறு எப்படி நடப்பது? அவ்வளவு நாள் ஜாக்கிரதையாக இருந்தவள், அன்றைக்குக் கோபத்தில் மறந்துபோனேன். அக்கா நின்று திரும்பினார்.

"ரோடு இவ்ளோ அகலமா கெடக்குது, இன்னாத்துக்கு பின்னாலயே வர்ற? எங்க தோப்புல புளி உலுக்க வர்ற மலைக்காரங்கதான் இப்டி வருவாங்க." கொஞ்சம் உற்றுப் பார்த்தார். "நீ மலையா?"

"ஆமாங்க்கா. ரூம காலி பண்ணணுமா?"

அவர் விடுவிடுவென்று முன்னால் நடந்தார். காய்கறிக் கடை வாசலில் நின்று சொன்னார். "மொதல்லியே சொல்லியிருந்தா வுட்டிருக்கவே மாட்டேன். நல்லவேள, சொல்லாம வுட்ட."

அக்கா அதோடு திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். அடுத்து வந்தவளிடமும் ஊர் கேட்டார். ஆனால் என்னை இருக்கவிட்டார். அன்றைக்கு வந்த நிம்மதியில் அரைக் கிலோ கத்தரிக்காயை எடைக்கு மேல் அள்ளிப் போட்டுக்கொண்டு கடைக்காரரிடம் திட்டு வாங்கினேன்.

அடுத்த மாதம் அப்பாவை வீட்டுக்கே அழைத்து வந்தேன். அக்கா நாற்காலி போட்டு, காபி கொடுத்தார். அப்பா குடித்து முடித்துவிட்டு வாசலைப் பார்த்தார். "இவ்ளோ கிட்டவா வூடு? தூரம்னியே." அங்கேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் என் தலையில் கை வைத்தார், அவ்வளவுதான்.

அந்த வீட்டை இடித்துச் செல்போன் கடை கட்டிவிட்டார்கள். எங்கள் ஊர் வரைக்கும் இப்போது பஸ் போகிறது. அப்பாவும் போய்விட்டார். நல்லவேளை, நான் சொன்ன பொய் அவருக்கு முன்னாலேயே போய்விட்டது.